மிஸ்யே பிரெசிதான் காருக்கு உடம்பு செய்த வரலாறு

மனித குலம் கற்காலத்தைக் கண்டது, செம்புக் காலத்தைக் கண்டது, இரும்புக் காலத்தையும் கண்டது. தகரக் காலம் என்று ஒன்று உண்டு என்பதையும், அது 1960ஆம் ஆண்டு மொரீஷியஸ் தீவின் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் என்னும் ஊரில், சந்தைக்குப் பின்னால், திருவேங்கடம் அவர்களின் வீட்டு முற்றத்தில் உதயமாயிற்று என்பதையும் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொறாமைதான் காரணம். வேறு என்ன இருக்க முடியும்?

திருவேங்கடம் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். தலைநகரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, ஒரு நாளும் அவசரப்படாமல் ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தலைவர். கோயில் சபைக்குத் தலைவர். ஈமச்சடங்கு உதவிச் சங்கத்துக்குத் தலைவர். பந்தைக் காலால் தொட்டறியாவிட்டாலும் கால்பந்துச் சங்கத்துக்கும் தலைவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் கிடையாது. "மிஸ்யே பிரெசிதான்" என்பார்கள். தலைவர் ஐயா என்று பொருள். அவருடைய மனைவி தனலட்சுமியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆகவே அந்தப் பட்டம் வீட்டுக்குள்ளும் அடிக்கடி ஒலித்தது.

அவரிடம் ஒரு கார் இருந்தது. வெறும் கார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். போருக்கு முந்திய, நீண்ட மூக்குள்ள, மேலே திறந்த இங்கிலீஷ் கார். ஒரு காலத்தில் அதில் சர்க்கரைத் தோட்டத்துப் பெரிய துரை போவார். வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருந்த வாலிபத் திருவேங்கடம் கரும்போரம் ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றி, அது கிளப்பும் புழுதியை முழுதாக வாங்கிக்கொள்வார். பின்னாளில், தீவுக்குச் சுதந்திரம் வந்துவிடும் என்று யாரோ துரையின் காதில் ஓத, துரை தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். காரை வாங்கியவர் நம் திருவேங்கடம். முதல் நாள் அதில் ஏறி உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. தின்ற புழுதியின் ருசி தின்றவனுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் கரோல் என்ற புயல் வந்தது. புயலுக்கு ஏழை பணக்காரன் என்ற பேதம் இல்லை என்பார்கள். சுத்தப் பொய். துரைமார்களின் கல் மாளிகைகளைச் சுற்றிக்கொண்டு போய், தோட்டக் கூலிகளின் கூரைகளை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தது. நம் பிரெசிதான் வீட்டிலும் ஒரு 'உயிர்ச்சேதம்'. முற்றத்து லிச்சி மரம் வேரோடு சாய்ந்து காரின் மேல் விழுந்தது.

மரத்தை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். எஞ்சின் பிழைத்திருந்தது, அடிச்சட்டம் பிழைத்திருந்தது, சக்கரங்களும் பிழைத்திருந்தன. உடம்பு மட்டும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. ஆன்மா அழியாதது, அழிவது உடலே என்று கோயிலில் எத்தனையோ சொற்பொழிவுகளுக்குத் தலைமை தாங்கியவர் திருவேங்கடம். இப்போதுதான் அதன் அர்த்தம் விளங்கிற்று. இந்த ஆன்மாவுக்கு ஒரு புது உடம்பு வேண்டும்.

உடனடியாக வேண்டும் என்பதற்கும் காரணம் இருந்தது. புயல் நிவாரணத்தை மேற்பார்வையிட மிஸ்யே லிண்ட்சே என்ற அதிகாரி ஊர் ஊராக வரப்போவதாகச் செய்தி. ஊர் நிவாரணக் குழுத் தலைவர்களிலிருந்து ஒருவரைப் பொறுக்கி, புதிதாக அமையும் மறுசீரமைப்பு ஆலோசனைச் சபையில் ஒரு நாற்காலி தரும் அதிகாரம் அவருக்கு உண்டு. ரிவியேர் தே ஸாங்கீய் நிவாரணக் குழுவின் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம். நாற்காலிக்காகவே பிறந்தவர் அவர். ஆனால் அதிகாரியை எதிர்கொண்டு அழைக்க சைக்கிளில் போகிறவனுக்கு நன்றி கிடைக்கும், காரில் போகிறவனுக்குத்தான் நாற்காலி கிடைக்கும் என்பது அவர் அலுவலக வாழ்வில் கற்ற பாடம்.

அரசாங்கம் தகரம் அனுப்பியது. அலை அலையாய் நெளிந்த, வெயிலில் கண் கூசும், புத்தம் புதிய கூரைத் தகரம். தீவின் பேச்சு மொழியான கிரியோலில் லதோல் என்பார்கள். கூடவே குடை போலத் தலை விரிந்த கூரை ஆணிகள், மழைத் தண்ணீர் வடிகிற தகர வாய்க்கால், கூரைக்குப் பூசும் செங்காவி வர்ணம். எல்லாம் கூரை இழந்த குடும்பங்களுக்கு. அவற்றை எங்கே வைப்பது? வெளியே வைத்தால் திருட்டுப் போகாதா? 'பாதுகாப்பு' கருதி மிஸ்யே பிரெசிதானின் கொட்டகையில் இறக்கினார்கள்.

தகரம் கொட்டகையில், உடம்பில்லாத கார் முற்றத்தில். நடுவில் பத்தடி தூரம். மேதைகள் தூரத்தைப் பொருட்படுத்துவதில்லை.

குழுக் கூட்டம் கோயில் மண்டபத்தில் கூடியது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் தமிழர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். இந்தக் கதையில் வருகிறவர்களும் கிரியோலில்தான் பேசினார்கள். நம் வசதிக்காக அவர்கள் வாயில் தமிழைப் போட்டிருக்கிறோம். தமிழ் என்பது கோயிலுக்கும் கூட்டத்துக்கும் உரியது. முக்கியமான தீர்மானம் என்றால் பிரெசிதான் அதைச் செந்தமிழில்தான் வாசிப்பார்.

"நெளிவுற்ற உலோகத் தகடுகளில் ஒரு பகுதியினை, நிவாரணப் பணியின் சீரிய இயக்கத்திற்கு இன்றியமையாததாகிய ஊர்தியின் புனருத்தாரணத்தின் பொருட்டுத் தற்காலிகமாக ஈடுபடுத்துதல் சாலச் சிறந்தது என இக்குழு கருதுகின்றது" என்று அவர் கணீரென்று வாசித்தார்.

உறுப்பினர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். ஒருவர் கைகூப்பினார். இன்னொருவர், சுப்ரமணியன் என்ற ரொட்டிக் கடைக்காரர், பக்கத்திலிருந்தவரிடம், "எந்தச் சாமி மேல பாடினது?" என்று மெல்லக் கேட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தமிழ் மொழியின் ஆற்றலை இதைவிடச் சிறப்பாக யாரும் நிரூபித்ததில்லை.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர்கள் ஏளனமாகச் சொல்வார்கள். அதிலாவது தேங்காய் பிள்ளையாருக்குப் போகிறது.

காருக்கு உடம்பு செய்ய ஆள் வேண்டுமே. ஊரில் தகர வேலைக்கு ஜான்-போலை விட்டால் கதியில்லை. வாளி செய்வான், பூவாளி செய்வான், ஒழுகும் கூரையை அடைப்பான், அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒழுக வைப்பான். தன் திறமையில் அவனுக்கு அசாத்திய நம்பிக்கை.

"காருக்கு உடம்பு செய்தது உண்டா?" என்று கேட்டார் பிரெசிதான்.

"உடம்புன்னா என்ன, மிஸ்யே பிரெசிதான்? வாளியில தண்ணி வெளியே போகக்கூடாது. காருல தண்ணி உள்ளே வரக்கூடாது. வாளியைக் கவிழ்த்தா கார். பா த்ராக்கா."

பா த்ராக்கா என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். தீவில் எந்தக் கைவேலைக்காரன் வாயிலிருந்தாவது அந்தச் சொல் வந்தால், கவலைப்பட ஆரம்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். பிரெசிதானோ அன்று நிம்மதியாக மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் பொன்னம்மா வந்தாள். கரும்புத் தோட்டத்தில் களையெடுப்பவள். அவளும், கரும்பு வெட்டும் அவள் புருஷன் ஐயாசாமியும், பிள்ளைகளும், கூரை போன மற்றக் குடும்பங்களோடு பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் தங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்வரைதான் இடம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

"மிஸ்யே பிரெசிதான், எங்க லதோல் வந்திருக்காமே?"

"வந்திருக்கிறது."

"எப்போ தருவீங்க?"

"முறைப்படி."

"முறைப்படின்னா திங்களா, செவ்வாயா?"

பிரெசிதான் பொறுமையே உருவானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "கேள், பொன்னம்மா. தகரத்தைப் பகிர்ந்தளிக்க வேண்டுமானால் மிஸ்யே லிண்ட்சே வந்து பார்வையிட வேண்டும். அவர் வந்தால் நான் எதிர்கொண்டு அழைக்க வேண்டும். அழைக்க கார் வேண்டும். காருக்கு உடம்பு வேண்டும். உடம்புக்குத் தகரம் வேண்டும்."

பொன்னம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ, எங்களுக்குக் கூரை குடுக்கிறதுக்காக எங்க கூரையை எடுக்கிறீங்க."

"பேஷ்! குழு உறுப்பினர்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் புரியவில்லை" என்று மகிழ்ந்தார் அவர்.

"காருல உட்காரப் போறது நீங்கதானே?"

"நானா? என் உடம்பு உட்காரும். உட்காருவது ஊரின் மானம்."

"மழையில நனையறது எங்க உடம்பு மட்டுந்தான், மிஸ்யே. மானமெல்லாம் முன்னாடியே நனைஞ்சு போச்சு" என்றாள் பொன்னம்மா.

தலைவர்களுக்கு இதுபோன்ற பேச்சு புதிதல்ல. அவர் பெருந்தன்மையோடு புன்னகைத்து, உள்ளே போய்த் தேநீர் குடித்தார். பொன்னம்மா கொட்டகையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் சிக்கல் உடனே வந்தது. தகரத்தில் அலை இருக்கிறது; கார் உடம்பில் அலை இருக்கலாகாது. தட்டித் தட்டிச் சமமாக்க வேண்டும். அத்தனையையும் ஜான்-போல் தனியாளாகத் தட்டினால் தீவுக்குச் சுதந்திரம் முதலில் வந்துவிடும். இங்கேதான் பிரெசிதானின் நிர்வாகத் திறன் சுடர்விட்டது. பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்கு நிவாரண அரிசியும் பருப்பும் எப்படியும் கொடுக்க வேண்டியதுதான். சும்மா கொடுத்தால் மனிதர்கள் சோம்பேறி ஆகிவிடமாட்டார்களா? அவர்களுக்கு 'நிவாரண வேலை' ஒன்று கொடுத்தார். ஆளுக்கொரு கொட்டாப்புளி.

இப்படியாக, கூரை இழந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்கு வந்த கூரையைத் தாங்களே தட்டித் தட்டித் தட்டையாக்கினார்கள். உலகில் எந்த அரசாங்கத்துக்கும் தோன்றாத சிக்கனம் இது. சத்தம் சந்தைவரை கேட்டது.

"இது என் அடுப்படி" என்று சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள் பொன்னம்மா.

பக்கத்தில் ரோஸ்-மே. அவள் கிரியோல் இனத்துப் பெண், மீன் விற்பவள். அவள் கூரையும் போய்விட்டது. "இது என் கட்டில் இருந்த மூலை" என்று அவளும் தட்டினாள்.

"ஓங்கித் தட்டாதீங்க, கட்டில் உடைஞ்சுடும்" என்றாள் வேறொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். திண்ணமாய்ச் சொல்லலாம், அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பு அல்ல. மாடியிலிருந்து பார்த்த பிரெசிதானோ, வேலை மனிதனை எவ்வளவு மகிழ்ச்சியாக வைத்திருக்கிறது என்று தனலட்சுமியிடம் வியந்தார். அவள் கீழே இறங்கிப் போய்த் தட்டுகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றினாள்.

உடம்பு வளரத் தொடங்கியது.

முதலில் சக்கரத்துக்கு மேலே வரும் மட்கார்டு. பழைய காரில் இடது பக்கத்து முன் மட்கார்டு மட்டும் பிழைத்திருந்தது. ஜான்-போல் அதை மாதிரியாக வைத்து, நெளிவு சுளிவு பிசகாமல், அச்சு அசலாக இன்னொன்று செய்தான். அருமையான வேலை. ஆனால் அதுவும் இடது பக்கத்து மட்கார்டுதான்.

"வலது பக்கத்துக்கு இடது பக்கத்ததை எப்படி மாட்டுவது?" என்றார் பிரெசிதான்.

"காரைத் திருப்பி நிறுத்திப் பாருங்க. அப்போ இதுதான் வலது. பா த்ராக்கா."

மாட்டினான். மாட்டியபின், வலது பக்கம் திருப்பினால் சக்கரம் தகரத்தில் உராய்ந்து அலறியது. இனிமேல் வலது பக்கம் போக வேண்டுமானால் மூன்று முறை இடது பக்கம் திரும்ப வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவருக்கு இது பெரிய சிரமமாகத் தோன்றவில்லை. எந்தக் காகிதமும் அங்கே அப்படித்தான் போகும்.

கதவுகளின் விளிம்பை வாளி விளிம்பு மாதிரி சுருட்டினான். திறப்பதற்கு வாளிப் பிடியே வைத்தான். தகரத்தை மரச் சட்டத்தில் பொருத்த ஆணி வேண்டும். கொட்டகையில் இருந்தவை கூரை ஆணிகள். கார் முழுக்கக் குடை விரித்தாற்போல ஆணித் தலைகள். சன்னலுக்குக் கண்ணாடி நிவாரணத்தில் வரவில்லை. ஆகவே கீல் வைத்த பலகைக் கதவு. மேலே பழையபடி துணி மூடி போதாதா என்று கேட்டபோது ஜான்-போல் பதறிவிட்டான்.

"இந்த ஊர் மழை தெரியாதா, மிஸ்யே பிரெசிதான்? துணி எத்தனை நாள் தாங்கும்? தகரத்துலயே மேல் போட்டுத் தரேன்."

வளைவான மேல்மூடி அவன் கைக்கு வரவில்லை. வந்ததைச் செய்தான். நடுவில் ஒரு முகட்டுக் கட்டை, இரண்டு பக்கமும் சரிவு. அதற்குள் தட்டித் தட்டிப் பெண்களின் கைகள் ஓய்ந்துபோயிருந்ததால், மேலே போட்ட தகரத்தில் அலை அப்படியே இருந்தது. சரிவு இருந்தால் தண்ணீர் வடியுமே, அதற்கு விளிம்பில் தகர வாய்க்கால். பின்னால் பெட்டி கட்டிவைக்கும் இடம் நனையாமலிருக்க மேல்மூடியைக் கொஞ்சம் நீட்டி, இரண்டு கால் நட்டு, ஒரு வாராங்கும் வைத்தான். வீட்டு முகப்பில் நிழலுக்காக இறக்குவார்களே, அந்த வாராங். கடைசியில் வர்ணம். இருந்த வர்ணம் செங்காவி.

பிரெசிதான் தினமும் மாலையில் காரின் முன்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். முன்னாலிருந்து பார்த்தால் நீண்ட மூக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனது கம்பீரம் என்று அவர் நினைத்தார்.

பக்கவாட்டில் நின்று பார்த்தவள் தனலட்சுமி. "மிஸ்யே பிரெசிதான், இது கார் வளருதா, லகாஸ் வளருதா?" என்று கேட்டாள். லகாஸ் என்றால் வீடு.

"வடிவமைப்பில் புதுமை."

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறது தெரியும். குரங்கு பிடிக்கப் போய் வீடானதை இப்பத்தான் பார்க்கிறேன்."

"பொறு. மிஸ்யே லிண்ட்சே பார்த்தவுடன் அசந்துபோவார்."

அதில் மட்டும் அவர் சொன்னது பலித்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. லிண்ட்சே வருவது அந்த ஞாயிறு மதியமே. காலையில் காருக்குப் பூசை போட்டு, அதிலேயே ஏறிச் சாலை முனைவரை போய் அதிகாரியை எதிர்கொள்வது என்று ஏற்பாடு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், உடைக்கப் பூசணிக்காய், கற்பூரம், மாலை, அபிஷேகத்துக்கு ஒரு செம்பு பால். மாரியம்மன் கோயில் பூசாரி மணியோடு வந்துவிட்டார். பிரெசிதான் கோட்டும் டையும் அணிந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். எஞ்சினை ஒருமுறை கிளப்பிப் பார்த்தார்கள். உறுமியது. ஆன்மா உண்மையிலேயே அழியவில்லை.

அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெஞ்சுகளைத் திரும்பப் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் காலையிலேயே குடும்பங்களை வெளியேற்றிவிட்டார். மூட்டை முடிச்சு, பாய், பிள்ளைகள், பொன்னம்மாவின் சிறு கரி அடுப்பு. போக்கிடம் ஏது? தகரம் இருக்கும் இடத்துக்குத்தானே வர வேண்டும். பிரெசிதானின் முற்றத்துக்குள் அவர்கள் நுழையவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. தெற்குப் பக்கத்து மழை, விட்டு விட்டுப் பெய்யத் தெரியாத மழை.

பொன்னம்மா நின்று அந்த வாகனத்தைச் சுற்றிப் பார்த்தாள். சரிவுக் கூரை, அலைத் தகரம், கூரை ஆணி, தண்ணீர் வாய்க்கால், பலகைச் சன்னல், செங்காவி. பின்னால் வாராங். பூசாரி, மாலை, கற்பூரம், பால். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்தால் தீவில் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் ஒன்றுதான் தோன்றும்.

"ஐயாசாமி, பிள்ளைங்களைத் தூக்கு" என்றாள்.

வலது காலை முன்வைத்து ஏறினாள். பின்னால் ஐயாசாமி, பிள்ளைகள், பாய், மூட்டை. அடுப்பை வாராங்கின் அடியில் வைத்துப் பற்றவைத்தாள். புதுக் குடித்தனத்தில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். பால்? திரும்பிப் பார்த்தாள். தனலட்சுமி அபிஷேகப் பால் செம்பை எடுத்து, அவள் கையில் கொடுத்தாள்.

"தனம்! என்ன செய்கிறாய்?" என்று கத்தினார் பிரெசிதான்.

"முறைப்படி செய்யறேன்" என்றாள் அவள்.

பால் பொங்கியது. பெண்கள் மழையில் நின்றபடி குலவையிட்டார்கள். ரோஸ்-மே அதற்குமேல் சத்தமாகக் கூவினாள். பால் பொங்கினால் மணியடிப்பது பூசாரியின் கைக்கு ஊறிய பழக்கம். அவர் கை தானே அடித்தது, வாய் தானே புதுமனை புகுவிழா மந்திரத்தைச் சொல்லியது. முடிந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பூசாரி ஐயா, அவர்களை இறங்கச் சொல்லுங்கள்!"

"எப்படி, மிஸ்யே பிரெசிதான்? பால் பொங்கின வீட்டை அன்னிக்கு ராத்திரி காலியா விடக்கூடாது. வம்சத்துக்கு ஆகாது" என்று பூசாரி கையைப் பிசைந்தார்.

"அது வீடல்ல, கார்!"

"அம்மன் பாலைப் பொங்க வெச்சுட்டா. இனிமே நான் என்ன சொல்லட்டும்?"

இந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அளவான, சாதாரணமான, எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய கார். அதிலிருந்து குடையோடு மிஸ்யே லிண்ட்சே இறங்கினார். யாரும் எதிர்கொண்டு அழைக்காமலே, விசாரிக்காமலே, அவருக்கு வழி தெரிந்திருந்தது. தீவின் மண்ணிலேயே பிறந்தவர். கிரியோலும் தெரியும், கூரைத் தகரமும் தெரியும். அவர் அலுவலகம் அனுப்பியதாயிற்றே.

அவர் அந்தச் செங்காவி உருவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். "மிஸ்யே பிரெசிதான், இது என்ன?" என்று கேட்டார்.

திருவேங்கடத்தின் வாழ்க்கையில் இவ்வளவு சிறிய கேள்வி இவ்வளவு பெரிதாக வந்ததில்லை. கார் என்று சொன்னால், தகரம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அதோடு நாற்காலி போயிற்று. வீடு என்று சொன்னால் கார் போயிற்று. அவர் நீண்ட மூக்கைப் பார்த்தார். கரும்போரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற வாலிபனை நினைத்தார். பாவம், மனிதர் அந்தக் காரை உண்மையாகவே நேசித்தார். ஆனால் நாற்காலியை அதைவிட அதிகமாக நேசித்தார்.

"மாதிரி வீடு" என்றார்.

"வீடா? சக்கரம் இருக்கிறதே?"

"அதுதான் புதுமை. அடுத்த புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னவுடன், குடும்பத்தோடு வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்."

லிண்ட்சே குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பிறகு குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டினார். "மன்யிஃபீக்! பிரமாதம்! இவ்வளவு நாளாகத் தீவு முழுக்கச் சுற்றுகிறேன். எல்லோரும் எனக்குக் காட்டியது வெறும் திட்டங்கள்தான். ஒரு கட்டி முடித்த வீட்டை, உள்ளே குடியிருக்கும் குடும்பத்தோடு, இப்போதுதான் பார்க்கிறேன்."

பிரெசிதான் நெஞ்சை நிமிர்த்தினார். மகிழ்ச்சி அவருக்கு எப்போதும் நிமிடத்தில் வந்துவிடும்.

"மீதித் தகரம்?" என்று கேட்டார் லிண்ட்சே, கொட்டகைப் பக்கம் தலையை நீட்டி.

"அதைப் பற்றிக் குழு விரிவாக ஆராய்ந்து..."

மழை இன்னும் வலுத்தது. அதுவரை ஓரமாக நனைந்துகொண்டிருந்த ரோஸ்-மே கொட்டகைக்குள் போனாள். ஒரு தகரத்தை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தாள். அவளுடைய தங்கை மறுமுனையைப் பிடித்தாள். மழைக்கு ஒதுங்குகிறவர்களைப் போல இருவரும் நடந்து வாசலைத் தாண்டினார்கள். அடுத்தவள் எடுத்தாள். அதற்கடுத்தவள் எடுத்தாள். ஆண்கள் நாலைந்தாகச் சேர்த்துத் தூக்கினார்கள். கொட்டுகிற மழையில் தலைக்கு மேல் தகரம் பிடித்துப் போகிற ஒருத்தியை, கீழே வை என்று சொல்ல எந்தத் தலைவருக்கு நா எழும்? அதுவும் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது? தகர வரிசை சந்தையைத் தாண்டி, தெருத் திரும்பி, அவரவர் சுவர் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. கொட்டகை காலி.

"நான் பார்த்த பகிர்ந்தளிப்பிலேயே மிகத் துரிதமானது இதுதான்" என்றார் லிண்ட்சே. "வரிசை இல்லை, கூச்சல் இல்லை, கையெழுத்துகூட இல்லை. உங்கள் மேல் மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை! சபையில் அந்த நாற்காலி உங்களுக்குத்தான், மிஸ்யே பிரெசிதான். சந்தேகமே வேண்டாம்."

நாற்காலி கிடைத்துவிட்டது. இனிமேல் அதில் உட்காரத் தலைநகருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். திருவேங்கடம் நன்றி சொல்லத் தொடங்கினார். செந்தமிழ் வரவில்லை, கிரியோலும் வரவில்லை. ஜான்-போல் அவர் காதருகே வந்து, "பா த்ராக்கா, உங்களுக்கு வேற ஒண்ணு செஞ்சு தரேன்" என்றான். அப்போது அவர் ஜான்-போலைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது.

புறப்படும் முன் லிண்ட்சேவுக்கு ஓர் ஆசை. இத்தகைய தலைவரைப் பற்றி, பயனடைந்த குடும்பத்தின் வாயாலேயே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மேலிடத்துக்கு எழுதும்போது உதவுமல்லவா? காரின், அதாவது வீட்டின், பலகைச் சன்னலைத் தட்டினார். பொன்னம்மா திறந்தாள். உள்ளே பிள்ளைகள் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜான்-போலின் வாழ்க்கையில் அது முதல் முறை.

"மதாம், உங்கள் பிரெசிதானைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?"

எல்லோரும் காத்திருந்தார்கள். தனலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னம்மா திருவேங்கடத்தை நிதானமாகப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும் என்ற கவலைதான் இருந்தது.

"பிப்ரவரியில ஒண்ணு வந்து எங்க கூரையை எடுத்துச்சு, மிஸ்யே. அதைத் தேடிக் கரும்புக்குள்ள எல்லாம் அலைஞ்சோம், ஒரு துண்டுகூடக் கிடைக்கல. அப்புறம் இவர் வந்து எடுத்தாரு. இவர் எடுத்தது இவர் வாசல்லயே கிடைச்சுடுச்சு. இந்த வருஷம் எங்களுக்கு வந்த புயல்ல, சும்மா சொல்லக்கூடாது, இவர்தான் நல்ல புயல்."